பிள்ளைக்குச் சின்னதாகிப்போன குளிர் உடுப்புகளை எங்கே கொடுக்கலாம்? ரொறன்ரோப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டு பேஸ்மென்றிலும் ஒரு கறுப்புப் பை கிடக்கும். உள்ளே பிள்ளைகளின் பழைய ஜக்கெற், ஸ்நோபாண்ட்ஸ், சோடி இல்லாத கையுறை. போன வருடம் வாங்கியது இந்த வருடம் கணுக்கால் தெரிய நிற்கும். துணி இன்னும் புதுசு, பிள்ளைதான் வளர்ந்துவிட்டது. அந்தப் பையை என்ன செய்வதென்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

எந்த மாதத்தில் கொடுப்பது நல்லது?

ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை. எங்கே கொடுக்கிறோம் என்பதை விட எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். பெரும்பாலானோர் ஏப்ரலில், வீடு கூட்டித் துடைக்கும்போதுதான் பையை வெளியே எடுக்கிறார்கள். தேவைப்படுவோருக்கு இலவசமாக உடுப்பு கொடுக்கும் உடுப்பு வங்கிகளில் ஏழு மாதம் அடுக்கி வைக்க இடம் இராது. வசந்தத்தில் கொண்டுபோனால் வேண்டாம் என்பார்கள், அல்லது வாங்கி மொத்தமாக வேறிடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே ஏப்ரலில் தோய்த்து, அளவை எழுதி ஒட்டி, கட்டி வையுங்கள். பள்ளி தொடங்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.

செப்டெம்பரைத் தவறவிட்டவர்கள் அடுத்த வருடத்துக்கென்று காத்திருக்க வேண்டாம். அகதிகளும் புதுக் குடிவரவாளர்களும் கோடையில் மட்டும் வந்து இறங்குவதில்லை. 2015 டிசம்பர் 10ஆம் திகதி இரவு சிரிய அகதிகளை ஏற்றிய முதல் அரச விமானம் பியர்சனில் இறங்கியபோது, விமான நிலையத்திலேயே பிள்ளைகளுக்கு ஜக்கெற் அளவு பார்த்துக் கொடுத்தார்கள். ஜனவரியில் சூட்டு நாட்டிலிருந்து வரும் குடும்பத்துக்கு ஜனவரியில்தான் ஜக்கெற் வேண்டும்.

ஒரு இடம் நல்ல இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொடுக்கிற உடுப்புக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அது உடுப்பாகவே ஒரு பிள்ளையின் தோளுக்குப் போவது. மற்றது, விற்கப்பட்டுக் காசாகி, அந்தக் காசு ஒரு நற்பணிக்குப் போவது. இரண்டும் நேர்மையான வழிதான். ஆனால் நீங்கள் ஒன்றை நினைத்துக் கொடுத்து மற்றது நடந்தால் மனம் கசக்கும். தொலைபேசி எடுத்து நேராகக் கேளுங்கள்: பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பீர்களா, விற்பீர்களா? இப்போது குளிர் உடுப்பு எடுக்கிறீர்களா? எந்த அளவு குறைவாக இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலிலேயே பாதி விளங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தங்கள் கையால் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர், "பன்னிரண்டு வயதுப் பெடியனுக்கு பூட்ஸ் இல்லாமல் நிற்கிறோம், சின்னப் பிள்ளைகளின் தொப்பி போதும்" என்று உடனே சொல்வார். "எதுவென்றாலும் கொண்டுவாங்கோ" என்றால் அது பெரும்பாலும் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கிற இடம்.

பிள்ளைகளுக்கு நேரடியாகக் கொடுக்கிற இடங்கள் எவை?

ரொறன்ரோவில் நியூ சர்க்கிள்ஸ் என்ற அமைப்பை முதலில் சொல்வேன். வருமானம் குறைந்த குடும்பங்கள் நேரம் குறித்துக்கொண்டு வந்து, கடையில் பார்ப்பதுபோலத் தாங்களே தெரிவு செய்து, காசில்லாமல் எடுத்துப்போகலாம். தெரிவு செய்ய விடுவது சின்ன விஷயமில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனக்குப் பிடித்த நிறத்தில் ஜக்கெற் கிடைத்தால்தான் அதைப் பள்ளியிலும் கழற்றாமல் போட்டுக்கொண்டிருக்கும்.

அகதிக் கோரிக்கையாளர்கள் வந்தவுடன் தங்கும் வீடுகள் உண்டு. ரொமேரோ ஹவுஸ், மத்தியூ ஹவுஸ் போன்றவை. இங்கே இடம் குறைவு, தேவை நாளுக்கு நாள் மாறும். ஆகவே பையோடு போய் வாசலில் நிற்காமல், "நாலு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளின் உடுப்பு இருக்கு, வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். வீடில்லாத குடும்பங்களுக்கான நகர விடுதிகள் சிலவற்றில் மூட்டைப்பூச்சிப் பயத்தால் பாவித்த துணியை எடுப்பதே இல்லை. அவர்கள் மறுத்தால் கோபிக்க ஒன்றுமில்லை.

ரொறன்ரோவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: ஒட்டாவாவில் ஸ்நோசூட் ஃபண்ட் என்றே ஓர் அமைப்பு 1981 முதல் இயங்குகிறது, வேலையே பிள்ளைகளுக்கு ஸ்நோசூட் கொடுப்பதுதான். வின்னிபெக்கில் யுனைற்றெட் வே நடத்தும் கோட்ஸ் ஃபார் கிட்ஸ் உண்டு. எட்மன்ரனிலும் அதேபோல ஒன்று. ரொறன்ரோவில் இப்படி ஊருக்கே தெரிந்த ஒரே வாசல் இல்லை. அதனால்தான் இத்தனை கேள்வியும்.

பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் கொடுக்கலாமா?

என்னைக் கேட்டால் இதுதான் மிகக் கிட்டிய வழி, ஆட்கள் அதிகம் நினைக்காத வழியும். ரொறன்ரோ பொதுக் கல்விச் சபையின் பள்ளிகளில், காற்றின் குளிரையும் சேர்த்து -28 பாகைக்குக் கீழே போனால்தான் பொதுவாகப் பிள்ளைகளை இடைவேளைக்கு வெளியே விடாமல் முழுநேரமும் உள்ளே வைப்பார்கள். -15 என்றால் வெளியேதான். கையுறை நனைந்த பிள்ளை, பூட்ஸ் இல்லாமல் ரன்னிங் ஷூவோடு வந்த பிள்ளை எல்லாருக்கும் ஆசிரியர்தான் ஏதாவது தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பாலர் வகுப்பு ஆசிரியர்கள் பலர் அலுமாரியில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அதில் எப்போதும் தட்டுப்பாடு மிற்றன்ஸுக்கும் தடித்த காலுறைக்கும்தான்.

அலுவலகத்தில் போய், "ஸ்பேர் உடுப்பு எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் முழுப் பையையும் இறக்கிவிடாமல் அவர்கள் கேட்பதை மட்டும் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: அதே பள்ளியில் உங்கள் பிள்ளையும் படித்தால், எல்லாரும் அடையாளம் காணக்கூடிய உடுப்பைக் கொடுக்காதீர்கள். "அது என்ர பழைய ஜக்கெற்" என்று வகுப்புக்கு நடுவே உங்கள் மகனோ மகளோ சொல்லிவிட்டால், போட்டிருக்கும் பிள்ளைக்கு அதை மறுநாள் போட மனம் வராது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கொடுப்பது நல்லது.

வீதியோரப் பெட்டியில் போட்டால் அது யாருக்குப் போகும்?

பெரும்பாலும் உங்கள் தெருவில் குளிரில் நடக்கும் பிள்ளைக்குப் போகாது. பெட்டியில் விழுவது மொத்தமாக ஏற்றப்பட்டு, பழைய உடுப்புக் கடைகளுக்கு விற்கப்படும். கடையில் விலைபோகாதது தரம் பிரிக்கப்பட்டு, பேல் பேலாகக் கட்டி வெளிநாடு போகும். கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள கன்டமான்டோ சந்தை இப்படி வரும் பழைய உடுப்புக்குப் பெயர்பெற்றது. அங்கே டிஷேர்ட்டுக்கு ஆள் உண்டு, ஸ்நோசூட்டை யார் வாங்குவார்? மற்ற உடுப்பைப் பெட்டியில் போடுங்கள். பிள்ளையின் குளிர் உடுப்பை மட்டும் அதிலிருந்து பிரித்து வையுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பெட்டியே கூடாது என்றில்லை. டயபெற்றிஸ் கனடாவின் பெட்டிகளில் போடுவது காசாகி, நீரிழிவு ஆராய்ச்சிக்கும் நீரிழிவுள்ள பிள்ளைகளின் கோடை முகாம்களுக்கும் உதவுகிறது. பல இடங்களில் வீட்டு வாசலுக்கே வந்து இலவசமாக ஏற்றிப்போகிறார்கள். நம்மவர்களில் சர்க்கரை வருத்தம் இல்லாத வீடு எத்தனை? அந்த வகையில் அதுவும் நமக்குக் கிட்டிய காரியம்தான்.

ஆனால் பெட்டியின் முகத்தைப் பாருங்கள். ரொறன்ரோவில் உடுப்புப் பெட்டி வைக்க நகரசபை அனுமதி வேண்டும். யாருடைய பெட்டி, எந்தத் தொலைபேசி எண் என்று ஒன்றும் எழுதாமல், தர்மம் என்ற சொல்லும் ஒரு இருதயப் படமும் மட்டும் இருந்தால் விலகிப் போங்கள். நிரம்பி வழியும் பெட்டிக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு வருவதும் வேண்டாம். ஒரு மழைக்கு எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குத்தான் போகும். தவறி விழுந்ததை எடுக்கக் கையையோ தலையையோ பெட்டிக்குள் விடாதீர்கள். 2019 ஜனவரியில் ரொறன்ரோவில் ஒரு பெண் அப்படியான பெட்டியில் அகப்பட்டு உயிரிழந்தார்.

வலியூ வில்லேஜ், சல்வேஷன் ஆமி, குட்வில் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. வலியூ வில்லேஜ் லாபத்துக்கு நடக்கும் கம்பனி. உங்கள் பொருளுக்காக ஒரு தர்ம அமைப்புக்குக் குறிப்பிட்ட தொகை கொடுக்கும், விற்ற லாபம் கம்பனிக்கு. சல்வேஷன் ஆமியின் கடை வருமானம் அவர்களது சமூகப் பணிக்குப் போகிறது. குட்வில் வேலைப் பயிற்சிக்குச் செலவழிக்கிறது. மூன்றிலும் உங்கள் ஜக்கெற் விலை ஒட்டித் தொங்கும். பத்துப் பதினைந்து டொலருக்கு நல்ல ஜக்கெற் வாங்க முடிவதும் ஒரு ஏழைத் தாய்க்கு உதவிதான், அதை மறுக்கவில்லை.

மார்க்கத்தில் உடுப்பைக் குப்பையில் போடக்கூடாதாமே?

ஆம். மார்க்கம் நகரசபை 2017இல் துணிகளை வீட்டுக் குப்பையில் சேர்ப்பதைத் தடைசெய்து, நகரெங்கும் சேகரிப்புப் பெட்டிகள் வைத்தது. கிழிந்தது, கறைபட்டதையும் தோய்த்து, காயவிட்டு, பையில் கட்டி அதில் போடலாம். ரொறன்ரோவிலோ மார்க்கத்திலோ நீலப் பெட்டியில் மட்டும் துணி போடவே கூடாது. மீள்சுழற்சி இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது?

முதலில் சிப்பை இழுத்துப் பாருங்கள். கீழிருந்து கழுத்து வரை, ஒரு கையால், தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும். நாலு வயதுப் பிள்ளை இருபது பிள்ளைகளுக்கு நடுவே தானே பூட்ட வேண்டிய சிப் அது. பல்லுப் போன சிப் உள்ள ஜக்கெற்றை உடுப்பு வங்கியில் யாரும் தைக்கப் போவதில்லை. சிப் மாற்றத் தையற்காரர் கேட்கும் காசு பழைய ஜக்கெற்றின் விலையைத் தாண்டும். சிக்கி ஏறினால் மெழுகுதிரியைப் பல்லின் இரு பக்கமும் தேய்த்துப் பாருங்கள், பல சமயம் சரிவரும்.

அடுத்தது தண்ணீர். ஸ்நோபாண்ட்ஸின் முழங்காலிலும் இருப்பிடத்திலும் சில துளி விடுங்கள். முத்தாக உருண்டால் நல்லது. உடனே உறிஞ்சினால் அது வெறும் தடித்த காற்சட்டை. தைப்பு விட்டிருந்தால் கொடுக்க வேண்டாம். பூட்ஸுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே கழற்றும் லைனர் இருந்தால் இரண்டும் அங்கேயே இருக்கிறதா? லைனர் ஒன்று இல்லாத பூட்ஸ் யாருக்கும் உதவாது. அடிப்பக்க றப்பர் வெடித்திருந்தாலும் அப்படித்தான்.

பழைய ஜக்கெற்றின் தொப்பியில் இழுகயிறு இருந்தால் உருவி எறிந்துவிட்டுக் கொடுங்கள். சறுக்குமரத்திலும் பஸ் கதவிலும் அந்தக் கயிறு மாட்டிப் பிள்ளைகள் கழுத்து நெரிபட்டு இறந்திருக்கிறார்கள். கழுத்திலும் தொப்பியிலும் கயிறு வேண்டாம் என்று ஹெல்த் கனடா பல காலமாகச் சொல்கிறது. அதேபோல, உற்பத்தியாளர் திரும்பப் பெற்ற பொருளைக் கனடாவில் விற்பது மட்டுமல்ல, இலவசமாகக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். ஹெல்த் கனடாவின் இணையத்தளத்தில் பிராண்ட் பெயரைப் போட்டுத் தேட இரண்டு நிமிடம் ஆகாது.

எதற்குத் தட்டுப்பாடு? கைக்குழந்தை உடுப்பு எப்போதும் குவிந்து கிடக்கும், ஏனென்றால் தேயுமுன் சின்னதாகிவிடும். சைஸ் 10, 12, 14 வருவது அரிது. அந்த வயதுப் பெடியள் உடுப்பைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் விடுவார்கள். உங்களிடம் அந்த அளவில் உருப்படியாக ஒன்று இருந்தால் அதற்குத்தான் முதல் மதிப்பு.

கொடுக்குமுன் எப்படித் தோய்ப்பது?

முதலில் பொக்கற். சில்லறை, ரிசூ, உருகின சொக்லேட், போன வருடத்துப் பஸ் ரிக்கற் எல்லாம் இருக்கும். சிப்பைப் பூட்டி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், குறைந்த சவர்க்காரத்தில் போடுங்கள். சொஃப்ட்னர் வேண்டாம், தண்ணீர் புகாத துணியை அது கெடுத்துவிடும். இறகு அடைத்த ஜக்கெற் என்றால் ட்ரையரில் சிறு சூட்டில் இரண்டு மூன்று ரெனிஸ் பந்தோடு சுற்ற விடுங்கள், இல்லாவிட்டால் இறகு கட்டி கட்டியாக நிற்கும். அபார்ட்மென்ற்றில் மூட்டைப்பூச்சிச் சந்தேகம் இருந்தால் துணி தாங்குமானால் அதிக சூட்டில் அரை மணி நேரம்.

இனி, நாம் வெளியே சொல்லாத விஷயம். சமையலறைக்குப் பக்கத்து க்ளொசற்றில் தொங்கும் ஜக்கெற்றில் மீன்குழம்பும் பொரியலும் ஏறியிருக்கும். நமக்கு மூக்குக்குத் தெரியாது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். இந்த மணத்துக்காகப் பள்ளியில் கேலிபட்ட பிள்ளைகள் நம்மிடம் குறைவில்லை, அதைக் காசில்லாமல் வேறொரு பிள்ளைக்குக் கைமாற்ற வேண்டாம். தோய்த்த பிறகு ஒரு நாள் வெளிக்காற்றில் தொங்க விட்டால் போகும். பூச்சி உருண்டை போட்டு வைப்பதும் கூடாது. அந்த வாசனை தோய்த்தாலும் லேசில் போகாது. ஜி6பிடி என்ற பிறவிக் குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அந்த உருண்டையிலுள்ள நப்தலீன் இரத்தத்தையே கெடுக்கும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டி போதும்.

கடைசியாக, கையுறைச் சோடியை ஒரு ஊசியால் சேர்த்துக் குத்துங்கள். உள்ளே எழுதிய பிள்ளையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மார்க்கரால் அழியுங்கள். அளவை ஒரு மாஸ்கிங் ரேப்பில் எழுதி வெளியே ஒட்டுங்கள்.

ஊருக்குப் போடும் பெட்டியில் சேர்த்து அனுப்பலாமா?

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ஸ்நோசூட் அனுப்பி என்ன செய்வது, கோழிக்கூட்டுக்குப் போர்த்தலாம். மலையகம் வேறு கதை. நுவரெலியாவில் ஜனவரி இரவுகளில் வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும், சில காலைகளில் புல்லில் உறைபனி கிடக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் விடியவே எழும்பிப் பள்ளிக்கு நடக்கிறார்கள். ஸ்வெற்றர், கம்பளித் தொப்பி, மெல்லிய ஜக்கெற், காலுறை எல்லாம் அங்கே போட்டுக் கிழிப்பார்கள். அங்கே பெட்டியைப் பொறுப்பெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு ஆசிரியரோ உறவினரோ இருந்தால், கப்பலில் எப்படியும் போகிற பெட்டியின் மூலையில் இவற்றை அடையுங்கள். இதற்கென்றே தனிப் பெட்டி போடுவதானால், அந்தக் கூலிக்காசை அனுப்பி அங்கேயே ஸ்வெற்றர் வாங்கச் சொல்வது மேல்.

தெரிந்த குடும்பத்துக்கே கொடுக்க விருப்பம். மனம் நோகுமோ என்று பயமாக இருக்கிறது.

நோகாமல் கொடுக்கலாம். முதலில் பாவித்த உடுப்பு அவர்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். சிலர் மற்றவர் உடுத்ததைப் பிள்ளைக்குப் போட மாட்டார்கள், அது அவர்கள் விருப்பம். "தங்கச்சி, என்ர மூத்தவனுக்கு இது கட்டையாப் போச்சு. உங்கட சின்னவனுக்கு அளவா இருக்குமோ? இல்லாட்டி வேற ஆருக்கும் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு, எடுத்தாரா விட்டாரா என்று பிறகு கேட்காமல் இருந்தால் சரி. மற்றவர் முன்னால் கொடுக்காதீர்கள், கோயில் வாசலில் கொடுக்கவே வேண்டாம். பையில் பத்து உருப்படி அடைப்பதை விட, நன்றாக இருக்கும் இரண்டைக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாத எல்லாவற்றையும் அவர்கள் வீட்டுக்குக் கடத்தினால் அது உதவியாகாது, குப்பை எறிகிற வேலையை அவர்களிடம் விட்டதாகும்.

எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கிய நம் ஆட்கள் பலர் முதல் குளிரைக் கழித்தது யாரோ ஒரு வெள்ளைக்காரர் சேர்ச்சில் கொடுத்த பழைய கோட்டுக்குள்தான். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கோட்டின் நிறத்தைக் கூட இன்னும் சொல்வார்கள்.

வரி ரசீது கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. பாவித்த உடுப்பின் சந்தைப் பெறுமதி மிகக் குறைவு என்பதால் அமைப்புகள் ரசீது எழுதுவதில்லை.

கொடுக்காமல் விற்கலாமா?

தாராளமாக. வன்ஸ் அப்பொன் எ சைல்ட் போன்ற கடைகள் நல்ல நிலையில் உள்ள பிள்ளைகளின் உடுப்பைக் கையில் காசு கொடுத்து வாங்குகின்றன. கோடை முடியுமுன் குளிர் உடுப்பைக் கொண்டுபோனால் எடுப்பார்கள். விலையுயர்ந்த ஒரு ஜக்கெற்றை விற்று, அந்தக் காசில் இரண்டு சோடி புது பூட்ஸ் வாங்கி விடுதிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பாவித்ததை எடுக்காத இடங்களுக்கு அது நல்ல வழி.

ஸ்கேற்ஸ், ஹெல்மெற் கொடுக்கலாமா?

ஸ்கேற்ஸ் கொடுக்கலாம். ஹெல்மெற் வேண்டாம், விழுந்து அடிபட்டதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்கே குளிர் உடுப்பு தேவைப்படுகிறது. யாரைக் கேட்பது?

தொலைபேசியில் 211ஐ அழையுங்கள். ஒன்ராறியோவில் இது இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உங்கள் தபால் குறியீட்டையும் பிள்ளைகளின் வயதையும் சொன்னால் கிட்டிய உடுப்பு வங்கி எது, நேரம் குறிக்க வேண்டுமா என்பதைச் சொல்வார்கள். கொடுக்க நினைப்பவர்களும் இதே எண்ணில் கேட்கலாம்.